மாப்பிள்ளை நம்பாத மாமனார்

அத்தியாயம் பதினேழு

“இந்த ஊர்ல எத்தனை லட்சம் பேர் இருக்காங்களோ எனக்குத் தெரியாது. அத்தனை பேர்லயும் அந்த மிஷின் ஆள் பார்த்துப் பகை வச்சிருக்குறது என் ஒருத்தன் மேலதான். என்னைப் பழிவாங்கத்தான் தெருவையே முழுக அடிச்சுது.”

பல் துலக்கிய கையோடு வானளந்தார் இப்படி அறிவித்தபோது கேட்பதற்கு வீட்டில் இரண்டே பேர் இருந்தார்கள். மனைவி ஈரச் சுவரில் பூத்த பூஞ்சையைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மகள் வேலைக்குப் போகும் அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சுவராவது கொஞ்சம் காது கொடுத்திருக்கும். இவர்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் தண்ணீர் வடிந்த இடத்தில் நாம் பிரிந்தோம். சேறு இன்னும் காயவில்லை. மனக்கசப்பும்தான்.

வானளந்தார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டிய வண்டி ரயிலை முந்தியிருக்கிறது. பிரேக் போன வண்டியைப் பாலம் முழுக்கப் பின்பக்கமாகவே ஓட்டி வந்தபோது பயணிகள் ஒருவருக்கும் தூக்கம் கலையவில்லை. ஒருமுறை எதிர்க்காற்று பலமாக அடித்ததில், கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. உண்மை அவர் வாய்க்குள் போனால் கொஞ்சம் சதை போட்டு வெளியே வரும், அவ்வளவுதான்.

மிஷின் என்று அவர் சொன்னது மகளின் அலுவலகத்துச் செயற்கை நுண்ணறிவை. வெள்ளத் தடுப்பு நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ள பம்புகளையெல்லாம் ஆட்டிவைக்கும் மூளை அது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே “இந்த மழை முடியட்டும்மா” என்று சொல்லிச் சொல்லி மகள் அதனோடேயே கிடந்ததில், அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டாள்.

“குடிக்க மாட்டார், மாமியார் சமையலைக் குறை சொல்ல மாட்டார். கரெண்ட் போனா மயங்கிடுவார், அது ஒண்ணுதான் குறை” என்பாள்.

தெருமுனைக்கு ஒரு பம்பு. மேலே வெயிலைக் குடிக்கும் தகடு, கீழே பேட்டரி. புகையில்லை, சத்தமில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழை வரும் நாளில் வெயில் எங்கே இருக்கிறது? அப்போது இருக்கிற மின்சாரத்தை ஊர் முழுக்கப் பங்கு போட வேண்டும். எந்தத் தெருப் பம்பு ஓடலாம், எது நிற்க வேண்டும் என்று மாப்பிள்ளைதான் தீர்ப்பு சொல்வார். அதற்காக ஒவ்வொரு தெருவுக்கும் போன் போட்டு, “உங்கள் வாசலில் தண்ணீர் எவ்வளவு?” என்று கேட்பார். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. ஒன்றைச் சொன்னால் போதும்.

நினைத்த நேரத்தில் வரும் அந்தப் போனை யார் எடுப்பது? தெரு கூடி யோசித்தது. வேலை வெட்டி இல்லாதவர், பேச்சில் பிரியம் உள்ளவர் என்று வானளந்தாரின் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஊரிலேயே பெரிய புளுகன் என்று யாரைச் சொன்னார்களோ, அவர் வாயிலேயே தெருவின் தலையெழுத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அவரும் குறை வைக்கவில்லை. குழாய் ஒழுகினால் முழங்கால், தூறல் போட்டால் இடுப்பு, கொஞ்சம் கனத்த மழை என்றால் கழுத்து. அதை நம்பி ஓடிய பம்பு கொஞ்ச நேரத்திலேயே வெறும் காற்றைத்தான் உறிஞ்சும். கழுத்துக்கு மேலே ஒரு சொல் இல்லையே என்று மிஷினிடமே ஒருமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

“நான் முழங்கால்னு சொன்னேன். சொல்லி வாயை மூடல, பம்பு நின்னுபோச்சு. டெய்லர் கடைக்குள்ள தண்ணி போனது அதுக்கு அப்புறம்தான்” என்றார் இப்போது.

“அப்பா, அது ஆள் பார்க்காது. அதுக்கு நீங்களும் ஒண்ணுதான், மேயரும் ஒண்ணுதான். அதுக்காகத்தானே அதைக் கொண்டுவந்தோம்?”

“என்னைப் பார்க்குதே.”

“சரி, முழங்கால்னுதான் சொன்னீங்களா? அன்னைக்கு நிஜமாவே முழங்கால்தான் இருந்துச்சு. அப்போ நீங்க உண்மையைச் சொன்னீங்க.” மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். அழகான சிரிப்பல்ல. “இதை நான் நம்பணும்.”

“உண்மையைச் சொல்லுங்கன்னு கெஞ்சினது நீதானே? மாப்பிள்ளைகிட்டயாவது ஒழுங்காப் பேசுங்கப்பா, என் மானத்தை வாங்காதீங்கன்னு?”

மகள் செருப்பு வாரை இழுத்துவிட்டாள். அம்மா கரண்டியை உதறினாள்.

“உண்மை பேசுறதுக்கும் பழக்கம் வேணும். திடீர்னு பேசினா உடம்புக்கு ஒத்துக்காது.”

“இன்னைக்கு எங்க டைரக்டர் டெய்லர் கடைக்கு வர்றார்” என்றாள் மகள், கதவைப் பார்த்துக்கொண்டு. “விசாரிச்சு முடிக்கணும். தெருவுலேர்ந்து வந்த தகவல் தப்புன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணியாச்சு. உங்க பேர் வராது.”

“தெருவுல தகவல் சொல்றவன் நான் ஒருத்தன்தான். பேரை வேற தனியாப் போடணுமா?”

அவள் போய்விட்டாள். வானளந்தார் முகம் துடைக்க எடுத்த துண்டை வைத்துக்கொண்டு நின்றார். தெரு தன்னைப் புளுகன் என்று சொன்னதெல்லாம் அவருக்குப் பட்டம் மாதிரி. தெருவை முழுக வைத்தவன் என்று சொல்லிவிட்டால் அது பட்டமில்லை. அதற்குப் பிறகு டெய்லர் முகத்தில் எப்படி விழிப்பது?

டெய்லர்தான் அவருக்கு ஒரே சிநேகிதர். இவர் கதைகளுக்கு முதல் ரசிகரும் அவர்தான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே “அப்புறம்?” என்று கேட்பதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. வெள்ளம் வந்ததிலிருந்து அந்த “அப்புறம்” நின்றுபோயிருந்தது.

*

டெய்லர் கடை தெருவின் பள்ளத்தில் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடைத் துணி மொத்தமாக வந்து இறங்கிய சமயம் பார்த்துத்தான் தண்ணீரும் வந்திருந்தது. நீலச் சாயம் கரைந்து தரை நீலம், சுவர் அடி நீலம், டெய்லரின் பாதமும் கணுக்கால்வரை நீலம். எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை. துருப்பிடித்த தையல் மிஷின்களைப் பிரித்து, திருகாணி திருகாணியாக எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்.

டைரக்டர் வந்தார். கொளுத்தும் வெயிலிலும் குடையோடு திரிபவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் குடை என்றே பெயர். வெள்ளத்தைத் தடுக்க நியமித்த ஆளுக்கே ஏற்பாட்டின்மேல் இவ்வளவு நம்பிக்கை. இன்று குடைக்கு வேலை இருந்தது. காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு நின்று, அவர் கடைக்குள் கால் வைத்ததும் உடைத்துக்கொண்டது. அந்த மழையை நான் வர்ணித்தால் வானளந்தாரே ‘கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்பார். சாரல் இல்லை, துளி இல்லை, தண்ணீரைக் கட்டி கட்டியாக வெட்டிப் போட்டது வானம்.

மகள் கையில் அலுவலகத் திரைப்பலகையோடு ஓரமாக நின்றாள். தெருக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வானளந்தார் வந்ததும் வழிவிட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழியில்லை. பட்டுவிடக் கூடாதே என்று விட்ட வழி.

“யாரையும் குத்தம் சொல்ல வரல” என்று ஆரம்பித்தார் டைரக்டர். “பெரியவர். ஏதோ ஒரு ஆர்வத்துல கொஞ்சம் கூட்டிக் குறைச்சுச் சொல்லிட்டார். அதை மிஷின் நம்பிடுச்சு. இதோட விட்ருவோம்.”

“அளந்ததெல்லாம் பத்தாதுன்னு மிஷின்கிட்டயும் போய் அளந்தியே” என்றார் டெய்லர். வானளந்தாரைப் பார்க்காமல், எண்ணெய்த் தட்டைப் பார்த்துச் சொன்னார். “உன் கதையைக் கேட்டுக்கிட்டு எத்தனை சட்டைக்குக் கையைத் திருப்பி வச்சுத் தைச்சிருப்பேன். அதுக்குக் கூலி இதுவாய்யா?”

வானளந்தார் டைரக்டர் பக்கம் திரும்பினார்.

“கூட்டிக் குறைச்சுன்னு சொன்னீங்க. கூட்டினேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். குறைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. பொறந்ததுலேர்ந்து நான் எதையும் குறைச்சுச் சொன்னதில்ல.”

வாசலில் யாரோ சிரித்தார்கள். டெய்லர் சிரிக்கவில்லை. எண்ணெயில் இருந்த விரல் அப்படியே நின்றது.

“அது சரிதானே” என்றார் மெதுவாக. “இவன் கூட்டித்தான் சொல்லுவான். கூட்டிச் சொன்னா தண்ணி அதிகம்னு பம்பு ஓடணும். ஏன் நின்னுச்சு?”

“அது கொஞ்சம் சிக்கலான கணக்கு…”

“இருக்கட்டும் சார். நான் துணியில போடுறதும் கணக்குதான். அதிகமா அளந்தா துணி மிஞ்சும். இவன் அதிகமா அளந்து தண்ணி எப்படி மிஞ்சுச்சு?”

டைரக்டர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மகள் முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கோபம் தெரிந்தது. அப்பாமேலா, டெய்லர்மேலா, அவளுக்கே தெரிந்திருக்காது.

“ஒத்திகை வச்சுப் பார்த்துடலாம் சார். அன்னைக்குப் பெஞ்ச மழை, அன்னைக்கு இருந்த மின்சாரம், எல்லாத்தையும் அப்படியே போடுறேன். நிஜப் பம்பு ஓடாது, இதுல புள்ளிதான் மாறும். பச்சைன்னா ஓடுது, சிவப்புன்னா நின்னுடுச்சு. ஆள் பார்க்கலைன்னு எல்லாரும் கண்ணால பார்த்துட்டுப் போங்க.”

அவளுக்கு அவ்வளவு நிச்சயம். மாப்பிள்ளையை அவள்தானே வளர்த்தாள்.

வானளந்தாரின் போன் அடித்தது. ஒத்திகைக் குரல், மிகுந்த பணிவோடு கேட்டது. “உங்கள் வாசலில் தண்ணீர் எவ்வளவு?”

“முழங்கால்.”

பலகையில் இருந்த பச்சைப் புள்ளி சிவப்பானது.

மகள் பலகையை ஒருமுறை அணைத்துப் போட்டாள். மறுபடி அதே கேள்வி, அதே முழங்கால், அதே சிவப்பு.

“இப்ப நீங்க பேசுங்க” என்று டெய்லரிடம் தன் போனைக் கொடுத்தாள். “நீங்கதான் இந்தத் தெருவுக்குத் தகவல் சொல்றவர்னு மாத்திட்டேன்.”

டெய்லர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். “முழங்கால்” என்றார், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல்.

பச்சை. பச்சை மாறவேயில்லை.

அதற்குள் தண்ணீர் கடைப் படியைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்திருந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை.

“இப்ப அவன் கழுத்துன்னு சொல்லட்டும்” என்றார் டெய்லர்.

மகள் எண்ணைப் பழையபடி மாற்றினாள். வானளந்தார் சொன்னார். “கழுத்து.”

பச்சை.

குடையை மடக்கிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த அம்மா, கூட்டத்துக்குள் தலையை நீட்டி இதைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“இதுக்கா இவ்வளவு கூட்டம்? கல்யாணமானதுலேர்ந்து நான் பண்றதைத்தானே அதுவும் பண்ணுது. இவர் கழுத்துன்னா முழங்கால்னு எடுத்துக்கணும். முழங்கால்னா கணுக்கால். பத்து தடவை பொய் சொன்னா நாயே புரிஞ்சுக்கும், அதுக்குப் புரியாதா? மாப்பிள்ளை நம்ம வீட்டு ஆளாவே ஆயிட்டார்.”

அவள் வழக்கம்போல் சொன்னாள். சிரிக்கத்தான் ஆள் இல்லை. கழுத்து என்று அன்றைக்கும் வழக்கம்போல் புளுகியிருந்தால் தெரு தப்பித்திருக்கும் என்பது வாசலில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக உறைத்தது. அண்டப்புளுகர் ஒரே ஒரு நாள் திருந்தினார். அந்த ஒரு நாளில் தெரு முழுகியது.

வானளந்தார் மகளைப் பார்த்தார். அவர் சொன்ன ஆகாசக் கதை ஒன்று மெய்யென்று ஊரார் முன்னால் நிரூபணமாகியிருக்கிறது. குதித்திருக்க வேண்டும். ரயிலை முந்தியபோது குதித்த மனுஷன், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

டைரக்டர் அவள் காதருகே குனிந்தார். குனிந்தாலும் அவர் குரல் குனியவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

“அவசரப்பட்டு எதையும் ஒத்துக்காதேம்மா. மிஷின் ஆள் பார்க்குதுன்னு வெளியே தெரிஞ்சா நாளைக்கே ஆளுக்கொரு சிபாரிசோட வந்து நிப்பாங்க, என் தெருவுக்குப் பம்பு போடு, உன் தெருவுக்கு நிறுத்துன்னு. அது வேண்டாம்னுதானே கை சுவிட்ச்சையே எடுத்தோம்? எடுக்கணும்னு சண்டை போட்டது நீதானே?”

அவள்தான். அதுவும் உண்மை.

“ஒத்திகையில இப்படிக் காட்டுதுப்பா” என்றாள் மகள், பலகையைப் பார்த்துக்கொண்டே. “அதை வச்சு அன்னைக்கும் இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்ல முடியாது. போன்ல பேசினதை அது சேமிச்சு வைக்கிறதில்ல. அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமேம்மா.”

“உங்களுக்கு எதிர்க்காத்து வந்த கதையும்தான் தெரியும்.”

வாசலில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெருவே எத்தனையோ தரம் சொன்ன கேலிதான் அது. பெற்ற பெண் வாயிலிருந்து வந்தபோது கேலியாக இல்லை.

“விடுய்யா” என்றார் டெய்லர். எண்ணெய்த் தட்டை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். “நான் நம்புறேன்.”

“நீ நம்பி என்ன பண்ண?” என்றார் வானளந்தார். “நீ ரயில் கதையையும்தான் நம்பினே.”

அப்போதுதான் அம்மா கீழே பார்த்தாள். “ஏங்க, தண்ணி.”

கடைக்குள் கெண்டைக்கால்வரை ஏறியிருந்தது. வெளியே பள்ளத்தில் இன்னும் மேலே. புதிதாக வாங்கி வைத்திருந்த துணிக்கட்டை டெய்லர் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றைத் தூக்க இரண்டு பேர் ஓடினார்கள். தெருமுனைப் பம்பு வாய் திறக்கவில்லை. தகட்டில் வெயில் பட்டு எத்தனையோ நாளாகிறது. வேறு எந்தத் தெருப் பம்புக்கோ மின்சாரம் போய்க்கொண்டிருந்தது.

“கையால போட்டு விடுங்கய்யா” என்று யாரோ கத்தினார்கள். சுவிட்ச் இருந்தால்தானே போடுவதற்கு.

வானளந்தாரின் போன் அடித்தது.

மகள் பலகையைப் பார்த்தாள். ஒத்திகையை அவள் மூடியிருந்தாள். இது நிஜ அழைப்பு.

“உங்கள் வாசலில் தண்ணீர் எவ்வளவு?” என்றது பணிவான குரல். டெய்லரின் நீலப் பாதங்கள் மறைந்து, தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. துல்லியமாக முழங்கால். அளவு நாடா வைத்துப் பார்த்தாலும் ஒரு விரல் கூடாது, ஒரு விரல் குறையாது.

வானளந்தார் போனைக் கையால் பொத்திக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக, என்ன சொல்வது என்று இன்னொருவரைக் கேட்டார்.

“என்னம்மா சொல்லட்டும்? அன்னைக்கு மாதிரியே சொல்லவா?”

மகள் டைரக்டரைப் பார்த்தாள்.

“கண்ணால பார்க்குறதைச் சொல்லச் சொல்லும்மா” என்றார் டைரக்டர். “நாம எல்லாரும் நிக்கிறோம். நாம பார்த்துக்கிட்டிருக்கும்போது பொய்த் தகவல் போகக் கூடாது. உன் வேலைக்கும் நல்லதில்ல.”

“சொல்லுங்கள்” என்று கைக்குள்ளிருந்து மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார்.

டெய்லர் தலையில் கட்டோடு நின்றார். தண்ணீர் முழங்காலை விட்டு மேலே நகர்ந்தது.

“கழுத்துன்னு சொல்லுங்கப்பா” என்றாள் மகள்.

“என்னம்மா இது, பட்டப்பகல்ல பச்சைப் பொய்” என்றார் டைரக்டர்.

“பொய்தான் சார்.” அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னைக்கு அவர் உண்மையைத்தான் சொன்னார். சொல்லச் சொன்னது நான். அது நம்பல சார். நானும் நம்பல.”